ஏழு பேருக்கு ஒரு ஃபோன்

போன மாதம் ஷாஹிதா ஃபோன் செய்தாள். கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். போர்ட் பிளேயர் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். கெட்டிக்காரி. ஆனால் கண்ணில் படுகிற எதையாவது துடைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அலுவலக விஷயம் என்றால் என்னை மேடம் என்பாள், வீட்டு விஷயம் என்றால் அக்கா என்பாள். அன்றைக்கு மேடம்.

"மேடம், அட்மிஷன் போர்ட்டலை மாத்தி எழுதுறோம். ஃபோன் நம்பருக்குக் கீழே 'இந்த ஃபோனைப் பலர் பயன்படுத்துகிறோம்'னு ஒரு கட்டம் இருக்கு. கடலுக்கடியில இன்டர்நெட் கேபிள் வந்து எவ்வளவோ நாளாச்சு, எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கு. அதை எடுத்திரட்டுமா?"

எடுக்காதே என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்திருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் ஒன்றைக் கட்டிக் காக்கச் சொன்னால் எனக்கே பற்றிக்கொண்டு வரும். அதனால், கொஞ்சம் பொறு, எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்று, சௌல்தாரி கிராமத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு எனக்குப் பகலெல்லாம் சும்மாதான் கிடக்கிறது. பாக்கு மரங்கள் அவைபாட்டுக்குக் காய்க்கின்றன, என்னை ஒன்றும் கேட்பதில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பொதுப்பணித் துறை வேலைக்காக இந்தத் தீவுக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கேதான். கம்ப்யூட்டர் படிக்கச் சென்னைக்குக் கப்பலில் போனேன், வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். படித்து முடித்துத் திரும்பி வரும்போதும் எடுத்தேன். வந்ததும் கல்லூரியில் வேலை கிடைத்தது. மெயின்லாண்டுக்குப் போய் நாலு காசு பார்க்கலாமே என்று சொந்தக்காரர்கள் ஓதிக்கொண்டே இருந்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே என்னை மாதிரி ஆயிரம் பேர் இருப்பார்கள், இங்கே அன்றைக்கு நான் ஒருத்திதான்.

அப்போது எங்களுக்கு இன்டர்நெட் என்றால் மொட்டைமாடியில் இருந்த டிஷ் ஆண்டெனாதான். வானத்தில் இருக்கிற சாட்டிலைட்டோடு அது பேச வேண்டும். மழை வந்தால் பேச்சு நின்றுவிடும். இந்த ஊர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையில் மெயின்லாண்டில் இருந்த பல்கலைக்கழகம் அட்மிஷனை முழுக்க ஆன்லைனில் போட்டுவிட்டது. நாலு பக்கப் படிவம். ஒரு பக்கம் நிரப்பி அடுத்ததற்குப் போவதற்குள் லிங்க் போய்விடும். திரும்ப வந்தால் போர்ட்டல் முதல் பக்கத்தில் நின்றுகொண்டு பெயரைக் கேட்கும். பெரார்கஞ்சிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பெண் பிள்ளைகள் மத்தியானம் வரை பெயரையே அடித்துக்கொண்டிருப்பார்கள். சிலர் அழுவார்கள். ஒரு பையன் மௌஸைத் தூக்கி எறிந்தான்.

நான் ஒரு வேலை செய்தேன். அதே படிவத்தை எங்கள் சர்வரிலேயே செய்து வைத்தேன். பிள்ளைகள் நிதானமாக அதில் நிரப்புவார்கள். ஊர் எழுந்திருக்கும் முன்னால் லிங்க் காலியாக இருக்கும், அப்போது நான் வந்து எல்லாவற்றையும் மொத்தமாக மேலே அனுப்புவேன். போர்ட்டலைச் செய்து கொடுத்த கம்பெனிக்காரர் ஃபோனில் என்னைப் பிடித்துக்கொண்டார், இப்படியெல்லாம் செய்ய அனுமதி கிடையாது என்று. அனுமதி கொடுக்கிறவர் ஒரு தடவை இங்கே வந்து மழையில் ஒரு படிவத்தை நிரப்பிக் காட்டட்டும், அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றேன். யாரும் வரவில்லை. அந்த வழக்கம் நாலைந்து அட்மிஷனுக்கு அப்படியே ஓடியது.

இப்படி வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்த என்னை ஒரு வழிக்குக் கொண்டுவந்தவர் பிஸ்வாஸ் சார். எங்கள் பிரின்சிபால். பெங்காலிக் குடும்பம், வடக்கு அந்தமானில் பிறந்தவர். தீவு ஹிந்தியில் மெல்லப் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதுவே ஒரு தொல்லை, ஏனென்றால் அவரிடம் சண்டை போட முடியாது.

அவரிடம் யார் என்ன பிரச்சினையைக் கொண்டுபோனாலும் முதலில் உட்காரச் சொல்வார். பிறகு இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைப்பார். வலது கையைக் காட்டி, "யே மாலூம் ஹை" என்பார். இது தெரிந்தது. இடது கையைக் காட்டி, "யே லக்தா ஹை" என்பார். இது தோன்றுவது. நாம் சொல்லும் ஒவ்வொன்றையும் எந்தக் கையில் வைப்பது என்று நம்மையே கேட்பார். சர்வர் நின்றுவிட்டது, வலது கை. மின்சாரம் ஏறி இறங்கியதால் நின்றது, பார்த்தாயா? பார்க்கவில்லை. இடது கை. இடது கை நிறைந்துவிட்டால், போய்ப் பார்த்துவிட்டு வா என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். முதல் வருஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவர் அறைக்குப் போகும் முன்னால் நடைபாதையிலேயே என் கைகளை விரித்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். யாராவது பார்த்திருந்தால் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இனி அந்தக் கட்டத்தின் கதைக்கு வருகிறேன்.

தொற்றுக் காலத்தில் கல்லூரி மூடியபோது கார் நிக்கோபார் மாணவர்கள் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்கள். அதில் ஏழு பேர் ஒரே கிராமம், ஒரே வகுப்பு, பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம். கேபிள் அப்போதுதான் கரை தொட்டிருந்தது. அந்தத் தீவின் தலைமையிடத்தில் ஓரளவு நெட் கிடைத்தது, கிராமத்துக்குள் அது இன்னும் போகவில்லை. பாடக் குறிப்புகளை எல்லா ஆசிரியர்களிடமும் வாங்கி ஒரு பென் டிரைவில் போட்டேன். ஹெலிகாப்டரில் போன ஒரு நர்ஸம்மா கையில் கொடுத்து அனுப்பினேன். ஏழு பேரும் படித்தது அந்த ஒரே குறிப்பைத்தான்.

தேர்வும் ஆன்லைனில் வந்தது. கேள்வித்தாளை ஃபோனில் இறக்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து கையால் எழுத வேண்டும், எழுதியதைப் படம் பிடித்து மேலே ஏற்ற வேண்டும். ஏழு பேரும் எழுதினார்கள், ஏற்றினார்கள். ரிசல்ட் வந்த நாளில் ஏழு பேருக்கும் மார்க் இல்லை. 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று இருந்தது. முறைகேடு என்று பல்கலைக்கழகத்தின் மென்பொருள் சிவப்புக் கொடி காட்டியிருந்தது. ஏழு விடைத்தாளும் ஒரே ஃபோனிலிருந்து, ஒரே எண்ணிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. போதாததற்கு வாக்கியங்களும் ஒத்துப்போகின்றன.

அந்த ஏழு பேரில் எஸ்தர் என்று ஒரு பெண். அவளுக்கு போர்ட் பிளேயரில் பி.எட். சீட் கிடைத்திருந்தது. மார்க் ஷீட்டைக் காட்டினால்தான் சேரலாம், சேர்க்கை முடிய அதிக நாள் இல்லை. அவள் கிராமத்துப் பள்ளியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதற்காகவே படிக்கிறேன் என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். அந்த ரிசல்ட்டைப் பார்த்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நல்லது, வேலை நடக்கும்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஃபோன் போட்டேன். மனிதர் கெட்டவரில்லை. பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். ஏழு பேரும் தவறு நடந்துவிட்டது என்று மன்னிப்பு எழுதிக் கொடுக்கட்டும், தண்டனை இல்லாமல் மறுதேர்வு வைத்துவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார். இப்படி எத்தனையோ கல்லூரிகள் முடித்துக்கொண்டன என்றும் சொன்னார்.

எஸ்தரைக் கூப்பிட்டேன். ஃபோனை எடுத்தது அவள் பெரியம்மா. அப்புறம் யாரோ ஒரு பையன் பேசினான். கடைசியில் அவள் வந்தாள். நடந்ததைக் கேட்டேன். நிதானமாகச் சொன்னாள்.

அந்தத் தீவில் குடும்பம் என்றால் நம் வீட்டுக் கணக்கில் வருவதில்லை. பல வீடுகள் சேர்ந்து ஒரு பெரிய குடும்பம். துஹெட் என்பார்கள். தென்னந்தோப்பு, பன்றிகள், படகு எல்லாம் அந்தப் பெரிய குடும்பத்துக்குப் பொது. அந்த ஃபோனும் அப்படித்தான் வாங்கியிருந்தார்கள். ஏழு பேரும் அந்த ஒரு துஹெட்டின் பிள்ளைகள். காலையில் எஸ்தர் மைதானத்துப் பக்கம் போய்க் கேள்வித்தாளை இறக்குவாள். அங்கேதான் டவர் கிடைக்கும். ஃபோனோடு வீடு வீடாகப் போவாள், அவரவர் கேள்விகளைக் கையால் எழுதிக்கொள்வார்கள். அவரவர் வீட்டில் உட்கார்ந்து விடை எழுதுவார்கள். நேரம் முடிந்ததும் மறுபடி ஃபோனைக் கொண்டு வீடு வீடாகப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு, மைதானத்துக்குத் திரும்பி ஒவ்வொருவர் பெயரிலும் ஏற்றுவாள்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று அதிகாரி சொல்கிறார் என்பதையும் அவளிடம் சொன்னேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை, சீட் அவளுடையது.

"மாஃபி கிஸ் பாத் கா, மேடம்? ஃபோன் தோ ஹம் சப்கா ஹை."

எதற்கு மன்னிப்பு, ஃபோன் எங்கள் எல்லோருடையதும்தானே என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

பிஸ்வாஸ் சார் அறைக்குப் போனேன். அன்றைக்கு நடைபாதையில் கையை விரிக்க மறந்துவிட்டேன். பொரிந்து தள்ளினேன். மெயின்லாண்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவனுக்குத் தலைக்கு ஒரு ஃபோன் என்பதைத் தவிர வேறு உலகமே தெரியாது என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேஜைமேல் கைகளை விரித்தார்.

ஏழு பேருக்கும் ஒரே ஃபோன். வலது கை. வாக்கியங்கள் ஒத்துப்போகக் காரணம் நான் அனுப்பிய ஒரே குறிப்பு. அதையும் யோசித்துவிட்டு வலது கையில் வைத்தார். அவர்கள் காப்பி அடிக்கவில்லை. கையைத் தூக்காமல் என்னைப் பார்த்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எஸ்தரை மூன்று வருஷமாகத் தெரியும். மற்ற ஆறு பேரையும் தெரியும். ஆனால் அந்த வீடுகளில் நான் இருக்கவில்லை. இடது கை என்றேன்.

"தோ இதர் லே ஆவ்" என்றார். அதை இந்தக் கைக்குக் கொண்டு வா.

அன்று பூராவும் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஃபோனைப் பற்றி எத்தனை ஆதாரம் கொடுத்தாலும் அது ஃபோனைப் பற்றித்தான் பேசும். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் எழுதியது தெரியுமா என்பதை அவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஆகவே ஏழு பேரையும் நேரில் கேள்வி கேளுங்கள், அவரவர் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள் என்று எழுதினோம். அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி எழுதினோம். மூன்றாவது தடவை பிஸ்வாஸ் சார் தானே பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது, குரலை மட்டும் உயர்த்தியிருக்க மாட்டார். சம்மதம் வந்தது. ஒரு நிபந்தனையும் வந்தது: ஒவ்வொரு மாணவரும் தனித்தனிக் கருவியில் வீடியோவில் வர வேண்டும்.

அதைப் படித்து நான் சிரித்த சிரிப்பு பக்கத்து அறை வரைக்கும் கேட்டிருக்கும். ஒரே ஒரு ஃபோன்தான் வரும், அது கை மாறுவதை நீங்களே பாருங்கள் என்று பதில் அனுப்பினேன்.

அந்த நாள் ஏழு பேரும் கார் நிக்கோபார் தலைமையிடத்துக்கு வந்து, நெட் கிடைக்கிற ஒரு பள்ளி அறையில் உட்கார்ந்தார்கள். போர்ட் பிளேயரில் நானும் பிஸ்வாஸ் சாரும். அந்தப் பக்கம் பல்கலைக்கழகக் குழுவில் மூன்று பேர். கேள்வி கேட்டவர் வயதான பேராசிரியை ஒருவர். கண்டிப்பானவர், ஹிந்தி நன்றாகப் பேசினார். விடைத்தாள்களை அச்செடுத்து முன்னால் வைத்திருந்தார்.

எஸ்தர் முதலில். கூட்டுறவுச் சங்கம் பற்றிய கேள்வி. குறிப்பில் இருந்ததைச் சொல்லிவிட்டு, அவர்கள் ஊர்க் கொப்பரையைச் சங்கம் எப்படி வாங்குகிறது, எங்கே சறுக்குகிறது என்று அவளே போய்க்கொண்டிருந்தாள். போதும் என்று பேராசிரியை நிறுத்த வேண்டியிருந்தது. ஃபோன் அடுத்த கைக்குப் போனது. திரையில் கூரை தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, பிறகு இன்னொரு முகம். இப்படி ஆறு பேர். யாரும் மோசமில்லை, ஒருத்தி மட்டும் பயத்தில் திக்கினாள்.

கடைசியில் தாமஸ். அவன் படிப்பில் சுமார்தான், ஃபுட்பாலில் புலி. பேராசிரியை அவன் தாளைப் புரட்டிப் பெரிய கேள்வி ஒன்றைக் கேட்டார். தாமஸ் தலையைச் சொறிந்தான்.

"வோ சவால் மைனே சோட் தியா தா, மேடம். ஆதா நஹீ தா."

அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன், எனக்குத் தெரியவில்லை என்றான். பேராசிரியை தாளைத் திருப்பினார். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. கேள்வி எண் மட்டும் எழுதியிருந்தான், கீழே ஒன்றும் இல்லை. மற்ற இரண்டு பேரிடமும் அதைத் தூக்கிக் காட்டினார். பிறகு தாமஸிடம், படம் பிடிக்கக் கடைசியாக யார் வீட்டுக்கு ஃபோன் வந்தது என்று கேட்டார். என் வீட்டுக்குத்தான், மைதானத்துக்குப் பக்கத்து வீடு என்றான். அப்படியானால் மற்ற ஆறு பேரின் விடையும் அந்த ஃபோனில் இருந்ததே, பார்த்து எழுதியிருக்கலாமே என்றார். ஏற்றுவதற்கு இன்னும் நேரம் இருந்ததையும் சொன்னார்.

தாமஸுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. எஸ்தரைத் திரும்பிப் பார்த்தான், பிறகு சொன்னான்.

"ஃபோன் ஹமாரா தா. ஜவாப் தோ உன்கா தா."

ஃபோன் எங்களுடையது, விடை அவர்களுடையது.

லிங்க் போய்விட்டதோ என்று நான் திரையை உற்றுப் பார்த்தேன். போகவில்லை. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வெற்றுப் பக்கம் மாதக் கணக்கில் அவர்களிடமேதான் இருந்திருக்கிறது. மென்பொருள் ஒரு கொடியைக் காட்டியதும் தாளைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. என் பக்கத்தில் பிஸ்வாஸ் சார் வலது கையை மட்டும் மேஜைமேல் விரித்து வைத்தார். நான் எழுந்து வெளியே போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.

அந்த வாரமே ரிசல்ட் வந்தது. ஆறு பேர் பாஸ். எஸ்தர் பி.எட். சேர்ந்தாள். தாமஸ் ஃபெயில். அந்த வெற்றுப் பக்கத்துக்கு யார் மார்க் போடுவார்கள்? ஏழு பேரையும் காப்பாற்றிய பக்கம் அவனையே கவிழ்த்துவிட்டது. நான் அவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களுக்கு ஒருநாளும் ஃபோன் செய்யாத பிஸ்வாஸ் சார், அந்த எண்ணைக் கொடு என்று வாங்கி, என் முன்னாலேயே கூப்பிட்டு, தாமஸ் வரும்வரை காத்திருந்து, ஃபெயிலானதற்கு அவனை வாழ்த்தினார். அடுத்த தடவை அவன் அந்தப் பேப்பரை எழுதிப் பாஸ் செய்தான்.

அதற்கப்புறம்தான் எங்கள் போர்ட்டலில் அந்தக் கட்டத்தைப் போட்டேன். அதில் டிக் செய்தால், ஒரே எண் இரண்டு பெயரில் வந்தாலும் மென்பொருள் கொடி காட்டாது. ஒரு மனுஷர் ஃபோன் செய்து பேசிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லும். இப்போது முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு போடும் கருவி வந்திருக்கிறது, எழுதியது மாணவரா இயந்திரமா என்று மோப்பம் பிடிக்கும் மென்பொருள் வந்திருக்கிறது. வரட்டும். நான் எதையும் வேண்டாம் என்று சொன்னவள் இல்லை. கொடி காட்டும்போது அதை எந்தக் கையில் வைப்பது என்று கேட்கிற ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால் போதும்.

இவ்வளவும் எழுதி ஷாஹிதாவுக்கு அனுப்பினேன். நாலு நாள் கழித்து ஃபோன் வந்தது. இந்தத் தடவை அக்கா.

இந்த வருஷ விண்ணப்பங்களில் ஒன்று பழைய மாணவர்கள் ஆறு பேரின் எண்ணோடு மோதியதாம். எம்.ஏ.வுக்கு விண்ணப்பம், பெயர் தாமஸ். கட்டத்தில் டிக் இருந்தது. அவளுக்குச் சந்தேகம் போகவில்லை, அந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்தது எஸ்தர் டீச்சர். தாமஸ் மைதானத்தில் இருக்கிறான், ஃபோனை வைத்துவிடாதீர்கள், கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாளாம்.

"நான் வைக்கலக்கா. அவங்க நடக்கிறது கேட்டுச்சு. வழியில யாரோ பன்றியை விரட்டினாங்க, ஒரு வீட்டுல ஏதோ கேட்டாங்க, இவங்க பதில் சொன்னாங்க. அப்புறம் காத்துச் சத்தம், பசங்க சத்தம்."

எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று கேட்டேன்.

"ஃபோன் நடந்து போய்ச் சேர்ற வரைக்கும்" என்றாள். கட்டத்தை அவள் எடுக்கவில்லை.